விரல் நுனியில் தொண்ணூற்றெட்டு

அக்கா,

இன்று காலை மாதா கோயில் ஆர்மோனியப் பெட்டியைத் துடைத்தபோது, பாட்டுக் கொப்பிகளுக்கு அடியில் அது கிடைத்தது: விரலில் கவ்வி ஒட்சிசன் அளவு காட்டும் அந்தச் சின்னக் கருவி. பூசை முடிந்ததும் பாட்டுக் குழுவில் எல்லோர் விரலிலும் மாட்டிப் பார்த்துவிட்டுத்தானே வீட்டுக்கு விடுவீர்கள்! நீங்கள் கண்மூடி ஒரு வருடம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நெடுந்தீவில் உங்களைப் போல நீட்டிப் பாட ஆளில்லை. அப்படிப்பட்ட நீங்கள் ஒரு ஞாயிறு பாட்டின் பாதியில் நின்றுவிட்டீர்கள். நெஞ்சு நோவு இல்லை. நடந்தால் மூச்சு வாங்குகிறது, இருந்தால் சரியாகிறது என்றீர்கள். தம்பி கனடாவிலிருந்து எனக்கு அனுப்பிய இந்தக் கருவியை ஓடிப்போய் எடுத்து வந்து மாட்டினேன். தொண்ணூற்றெட்டு.

"ஒண்டுமில்லை அக்கா, ஒட்சிசன் நல்லாத்தான் இருக்கு. போய்ப் படுங்கோ."

"அப்ப ஏனடி மூச்சு போதாமல் இருக்கு? உன்ர மிசினுக்குப் பாடத் தெரியாது, எனக்குத் தெரியும்."

தீவு ஆசுப்பத்திரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். படகில் செபமாலையைப் பிடித்தபடி அழுதது நான்தான். "ஏனடி அழுறாய்? வருத்தக்காரி நானெல்லே," என்று சிரித்தீர்கள்.

யாழ்ப்பாணத்து டொக்டர் பொறுமையாகச் சொன்னார்: "ரத்தத்தில ஒட்சிசன் போதுமான அளவு இருக்கு அம்மா. அந்த ரத்தத்தை இருதயத் தசைக்குக் கொண்டுபோற குழாய்தான் ஒடுங்கிப்போச்சு. சும்மா இருக்கேக்க சமாளிக்குது. நடந்தால், பாடினால் இருதயம் கூடுதலாக் கேக்கும், குடுக்க ஏலாது."

"ஒரு சிலிண்டர் ஒட்சிசன் தந்தால்?" என்று கேட்டேன் நான்.

"இருக்கிறதே போய்ச் சேரேல்லை. பாதையைத்தான் திறக்கவேணும்."

என் பேச்சைக் கேட்டுப் போய்ப் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! குழாயை விரித்து, அது திரும்ப ஒடுங்காமல் சின்ன வலை வைத்தார்கள். "வலையோ? எங்கட வீட்டில மீன்வலை வேண்டிய அளவு கிடந்ததே!" என்றீர்கள். தாதிமார் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆறு ஈஸ்டர் பாடினீர்கள். கருவியும் உங்களுடையதாயிற்று.

போன மாதம் என் கணவர் கடலிலிருந்து வந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு, "வாய்வு. இஞ்சிக் கோப்பி தா," என்றார்.

"இஞ்சியும் இல்லை, கோப்பியும் இல்லை. ஆசுப்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ!"

அந்தக் குரல் என்னுடையதல்ல அக்கா, உங்களுடையது. இருதயம்தான், நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார்கள் அங்கே. இப்போது வீட்டில் உப்புக் குறைந்த மீன்குழம்பைப் பிசைந்தபடி, "அந்த மனுசி செத்தும் என்னை விடேல்லை," என்று உங்களை ஏசுகிறார்.

ஏசட்டும் அக்கா. ஏச மூச்சு இருக்கிறதே.