பெட்டிக்குள் ஒரு சத்தம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் சுகந்தானே? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நம் வீட்டுப் படம், பேச்செல்லாம் சேர்த்து வைத்திருக்கும் என் சர்வர் பெட்டி படுத்துவிடும் என்று போன மாதமே சொன்னேனா இல்லையா? படுத்துவிட்டது. மூன்று நாளாக உள்ளே டிக் டிக்கென்று சத்தம். திறந்தால் மதர்போர்டு கருகி நாறியது. புதியதை நானே மாட்டினேன். பார்த்த ஊரே வாயடைத்துப் போனது.

பக்கத்து அறை எலக்ட்ரீஷியன் மட்டும், "சத்தம் எல்லாம் பதிஞ்சிருக்கிற டிஸ்க்லேருந்து வருதுண்ணே, இனிமே கை வைக்காதீங்க" என்றான்.

"என் கை பட்டா செத்ததுகூட எழுந்து உக்காரும்டா!" என்றேன். பெட்டி எழுந்தது, சத்தமும் நின்றது.

அப்பா கடைசியாகப் பேசியது அதில்தான் இருக்கிறது. அம்மாவின் பழைய போனிலும் இருந்தால் அழித்துவிடாதே. அம்மாவையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லிப் பதிந்து அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. சத்தம் நின்றது என்று எழுதினேனே, அது மட்டும் என் கைச்சரக்கு. இப்போதும் கேட்கிறது, முன்னைவிட வேகமாக.

உன் தம்பி