ஓட்டுநரிடம் பேசாதீர்கள்

டிசம்பர் 12

பெட்டி கட்டியாயிற்று. முதல் பாதி விடுமுறை என் அப்பா வீட்டில், மறு பாதி மனைவியின் பிறந்த வீட்டில். இரண்டு பக்கமும் குறை சொல்லக்கூடாது என்று அவள் போட்ட திட்டம். இரண்டு வீட்டுக்கும் நடுவே நான்கு தெருதான், ஆனால் ஒரு வேளைச் சாப்பாடு அங்கே கூடிவிட்டால் இங்கே முகம் தூக்கிக்கொள்ளும்.

எனக்கு வேண்டியது அப்பாவோடு தனியாகக் கொஞ்ச நாள். இந்தத் தடவையாவது நாலு வார்த்தை பேசுவாரா? காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்று பேருந்தில் எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் எழுதாமலே அதுதான் சட்டம். அம்மா இருந்தவரை அவர் பங்கையும் சேர்த்து அவளே பேசிவிட்டாள்.

டிசம்பர் 14

வந்து சேர்ந்தோம். அப்பா வீட்டுக் கதவைத் திறந்தது யார்? என் மாமனார்! "வாங்க மாப்பிள்ளை, உள்ள வாங்க" என்று என் வீட்டுக்கு என்னையே வரவேற்றார். கையில் எங்கள் வீட்டு டம்ளர். அப்பா பின்னாலிருந்து தலையை ஆட்டினார். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

டிசம்பர் 15

விஷயம் தெரிந்தது. அப்பா மாமாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். தினமும் காலையில், மாமாவின் பழைய காரில். தபால் ஆபீஸில் முத்திரை குத்திய கை, ஓய்வு பெற்ற பிறகு ஸ்டியரிங் கேட்கிறது.

காலேஜ் படிக்கும்போது நான் கேட்டேனே? "டிரைவிங் ஸ்கூலுக்குப் போ." போனேன். எவனோ ஒருத்தன் பல் குத்திக்கொண்டே சொல்லிக்கொடுத்தான். வீட்டிலேயே ஒரு டிரைவரை வைத்துக்கொண்டு!

டிசம்பர் 17

மாடியிலிருந்து பார்த்தேன். வாசலிலேயே வண்டி குலுங்கி நின்றுவிட்டது. அப்பா சிரிக்கிறார். சத்தமாக.

"அவசரமே இல்ல சம்பந்தி. கிளட்ச்ச மெதுவா விடுங்க. வண்டி எங்கயும் ஓடிப்போயிடாது."

ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை! எனக்கு வயிறு எரிகிறது. ஒரு பெண்ணுக்கு அப்பனாக இருந்துகொண்டு, மாமனார் மேல் பொறாமை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மனைவியிடம் சொன்னேன். சிரித்தாள்.

"ரெண்டு பெருசும் ஒத்துமையா இருந்தா உங்களுக்கு என்ன கஷ்டம்?"



டிசம்பர் 18

மாமா வீட்டில் விருந்து. சும்மா சொல்வதுபோல அத்தையிடம் போட்டுவைத்தேன். "இந்த வயசுல கார் கத்துக்கறது ஆபத்து அத்தை. எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட அப்பா இப்படித்தான் போய் சுவர்ல மோதி, இடுப்பு போச்சு."

அப்படி ஒருத்தரே கிடையாது.

அத்தை பரிமாறுவதை நிறுத்திவிட்டு எழுந்து போனார். கார் சாவி அவர் இடுப்பில் ஏறிவிட்டது. மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னைப் பார்த்தார்.

டிசம்பர் 19

அப்பா வீட்டிலேயே இருக்கிறார். என்னோடு.

டிசம்பர் 20

ஜெயித்துவிட்டேன். கிடைத்தது என்ன?

"தூங்கினீங்களாப்பா?"

"ம்."

"வெளிய போலாமா?"

"வேணாம்."

நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறார். இடது கால் மட்டும் தரையை அழுத்துகிறது, மெதுவாக விடுகிறது, மறுபடி அழுத்துகிறது. மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்த அதே கிளட்ச். என்னால் பார்க்க முடியவில்லை. ஏன்டா இப்படிப் பண்ணினே?

டிசம்பர் 22

அத்தையிடம் போய்ச் சொல்லிவிட்டேன். சுவரும் பொய், இடுப்பும் பொய்.

"ஏன் மாப்பிள்ளை?"

என்னத்தைச் சொல்ல? "பொறாமை அத்தை."

திட்டுவார் என்று நினைத்தேன். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். "பொழுது விடிஞ்சா 'சம்பந்தி, சம்பந்தி'ன்னு கிளம்பிடறாரு இந்த மனுஷன். என்கிட்ட உக்காந்து பேசி எவ்ளோ நாளாச்சு தெரியுமா? நீங்க சொன்னதும் எனக்கும் சாக்கு கிடைச்சது."

இருவரும் சிரித்தோம். திருடனுக்குத் திருடி துணை.

டிசம்பர் 24

சாமானோடு மாமா வீட்டுக்கு வந்தாயிற்று. காலையில் வண்டி கிளம்பியது. அப்பா முன்சீட்டில். நான் வாசலில்.

ஜனவரி 2

விமானத்தில் எழுதுகிறேன்.

எங்களை வழியனுப்ப அப்பாவும் மாமாவும் அதே காரில் கூடவே வந்தார்கள். மாமா இன்னும் எல் போர்டுதான், அதனால் அப்பா ஓட்டுவார் என்று நினைத்துப் பின்கதவைத் திறந்தேன். அப்பா சாவியை நீட்டினார்.

"நீ ஓட்டு."

வெளிநாட்டில் பத்து வருடமாகக் கியர் இல்லாத வண்டி, சாலையின் எதிர்ப்பக்கம் வேறு. முதல் திருப்பத்திலேயே ஆரம்பித்துவிட்டார். "எந்தப் பக்கம்டா போற? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? கிளட்ச் மேலயே கால வச்சிக்கிட்டு உக்காந்திருக்க, அது என்ன கால்மணையா? கண்ணாடியப் பாருடா! உனக்கு லைசென்ஸ் குடுத்தவன முதல்ல உள்ள போடணும்."

வழி நெடுக அர்ச்சனை. பின்னால் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். இறங்கும்போது என் சட்டை நனைந்திருந்தது. இந்த வழி இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்.

மாமாவின் முகம் மட்டும் வாடியிருந்தது.

"என்ன மாமா, நான் ஓட்டினதுல பயந்துட்டீங்களா?"

"அதில்ல மாப்பிள்ளை." அப்பா காதில் விழாதபடி கிட்டே வந்தார். "நாலு மாசமா நானும் எவ்ளோ தப்பு பண்றேன். ஒரு நாளாவது உங்கப்பா என்னை இப்படித் திட்டியிருப்பாரா?"

பாவம், மாமா.