பழிக்கு ஒரு முகம்

எருசலேம்

அன்புள்ள அப்பாவுக்கு, பிரைண்டல் பணிவுடன் எழுதுவது. உங்கள் இருமல் தணிய நாள்தோறும் வேதத்துச் சங்கீதம் ஓதுகிறேன். இன்று இங்கே சின்னச் சண்டை; யாருக்கும் காயமில்லை.

போன மாதம் என் கணவரைச் சுட்டுக் கொன்றவன் யாரென்று இன்னும் தெரியவில்லை. யாராவது ஓர் அரபியைக் கொல்வேனென்று தம்பி ஃபிஷல் நான் வேலை செய்யும் இடத்துக்கே துப்பாக்கியோடு வந்தான். நான் சமைக்கும் வீட்டுத் தத்துவப் பேராசிரியர் அவன் வெளியே போகாதபடி வாசலை மறித்தார்.

"ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்துதானே அவங்க அப்பா ஆபிரகாமை அடக்கம் பண்ணாங்க? யூதங்க நாமும் அரபிகளும் அந்த அண்ணன் தம்பிக வம்சந்தாம்ப்பா. சமாதானமாப் போகணும்."

"உங்க பெஞ்சாதியைச் சுட்டிருந்தா இப்படிப் பேசுவீங்களா?" என்றேன்.

"மாட்டேம்மா. ஆத்திரத்துல எவனையோ கொல்லுவேன். அவன் பெஞ்சாதியும் உன்னை மாதிரி நிப்பா."

சமையலோடு அந்த வீட்டுக் கணக்கும் எழுதுகிறவள் நான். ஒருவன் பட்ட கடனை இன்னொருவனிடம் வசூலிக்க மாட்டேன். துப்பாக்கியைப் பிடுங்கி மாவுப் பானைக்குள் புதைத்தேன்.

"நீயும் இவரு கட்சியாக்கா?"

"போடா! சுட்டவனைக் கண்டுபிடிச்சிட்டு வா. நானே எடுத்துத் தர்றேன்."

கம்பளிக் காலுறை அனுப்புங்கள், குளிர்கிறது. உங்கள் கையால் நாலு வரியும் வேண்டும். ஓய்வுநாள் விளக்கேற்ற நேரமாகிவிட்டது. சுட்டவன் முகத்தைக் காட்டும்படி ஆண்டவரிடம் கேட்கப் போகிறேன்.

மகள்,
பிரைண்டல்