அரம் பட்ட பதக்கம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அப்பா நலமாகத்தான் இருக்கிறார். நான்தான் நேற்றிலிருந்து கொதித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏழு மாதம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, போன வாரம் அப்பாவுக்கு மட்டும் நாலு வரி எழுதியிருக்கிறாய். அடுத்த மாதம் விடுமுறை கிடைக்குமாம். ஆனால் அந்தப் பதக்கத்தில் இருக்கும் தேதியைக் கண்ணால் பார்க்க முடியாதாம், அது வீட்டில் இருக்கும்வரை வரமாட்டாயாம். உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதா? நீ சொன்னால் அவருக்கு அது வேதவாக்கு. நான் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, என் துணி அலமாரியிலிருந்து பதக்கத்தை எடுத்துக்கொண்டு தன் சாவிக்கடைக்குப் போயிருக்கிறார். அதை வைஸ் இடுக்கியில் இறுக்கி, சாவிப் பல் தேய்க்கிற சின்ன அரத்தால் தேதியை மட்டும் ராவித் தள்ளிவிட்டார்.

சாயங்காலம் சிரித்த முகத்தோடு என் கையில் கொண்டுவந்து வைத்தார். “தேதிதானே அவளுக்குக் கண்ணை உறுத்துது? எடுத்தாச்சு. இனிமே வந்துடுவா பாரு” என்றார். பெரிய வேலை முடித்துவிட்ட பெருமை வேறு.

இருபத்தாறு வருடமாக விண்வெளி நாணயமும் பதக்கமும் சேர்க்கிறேன். ஒரு பயணி நீட்டிய சில்லறையில் ராக்கெட் போட்ட நாணயம் ஒன்று வந்ததே, அன்று பிடித்த பைத்தியம். விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக் கூடாது, கறுத்தாலும் துடைக்கக் கூடாது என்று சின்ன வயதில் உன் கையில் எத்தனை முறை அடித்திருக்கிறேன். அப்படிப்பட்டவளின் பதக்கத்தில் அரம்! என்னிடம் நூற்று நாற்பது இருக்கின்றன. என் மகள் கைபட்ட விண்கலத்துக்காக அடித்தது இது ஒன்றுதான்.

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தையல்காரி ஓடி வந்துவிட்டாள். “ஒரு பதக்கத்துக்கா இவ்வளவு?” என்று கேட்டாள். அவளையும் ஒரு பிடி பிடித்து அனுப்பினேன். உன் அப்பா எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார். “நான் தேதியைத்தான் ராவினேன். அன்னைக்கு போன்ல நீ அவகிட்ட கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது. எப்படி மறக்கும்?

கலம் நிலவில் இறங்குவதற்கு முன்பே, இறங்கப்போகும் தேதியைப் போட்டு, அதில் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் பதக்கம் அடித்துவிட்டார்கள். நடக்குமுன் தேதி பொறிக்க அவர்களுக்கு அவ்வளவு அவசரம். கலத்தின் கால்களைச் செய்தவள் நீ. இறங்கும்போது அம்மா கையில் இருக்கட்டும் என்று உன்னுடையதை முன்னதாகவே எனக்கு அனுப்பினாய். மதியம் இரண்டரை மணி. டிவி திரையில் கலம் இறங்குவதைக் காட்டிய கோடு பாதியில் நின்றுபோனது. நீயே போன் செய்தாய். “அம்மா, விழுந்துடுச்சு” என்றாய். நான் என்ன கேட்டேன்? “அப்போ இதை மேல் இழுப்பறையில வைக்கிறதா, கீழ வைக்கிறதா?” வெற்றி பெற்ற பயணங்களுடையவை மேலே, தோற்றவை கீழே. நானாக வைத்துக்கொண்ட ஒழுங்கு. அதிர்ச்சியில் வாய் தவறிவிட்டது என்று சமாதானம் சொல்லலாம், பொய். தெரிந்துதான் கேட்டேன். அந்த நிமிடம் உன் அம்மாவைவிட நாணயம் பொறுக்குகிறவள்தான் முந்திக்கொண்டாள். நீ போனை வைத்துவிட்டாய். அதன்பிறகு அதை இரண்டு இழுப்பறையிலும் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் உன்மேலும் எனக்குக் கோபம்தான். என்னைத் திட்டியிருக்க வேண்டியதுதானே? ‘நீயெல்லாம் ஒரு அம்மாவா’ என்று கேட்டிருக்கலாம். என்னை விட்டுவிட்டுத் தேதியைக் குற்றவாளி ஆக்கினாய், அந்த மனுஷர் அரத்தை எடுத்தார். அந்தத் தேதியில் ஒன்றுமே நடக்கவில்லையா? அவ்வளவு தூரம் போனது போகாததாகிவிடுமா? கடைசி அரைக் கிலோமீட்டர்தானே தவறியது. அதற்காக இரண்டு வருட உழைப்பை நீயே குப்பை என்பாயா? நீ சொன்னாலும் நான் கேட்கமாட்டேன்.

அப்பா காலையில் என் முகத்தைப் பார்க்காமலே கடைக்குப் போய்விட்டார். அவரை நான் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். பதக்கம் எங்கே இருக்கும் என்று கேட்காதே. நீ வரும்போது உன் கண்ணில் படாது, அதற்கு நான் பொறுப்பு. ஆனால் அதைத் தூக்கி எறியச் சொல்லாதே.

அன்று உன் குரல் கம்மியிருந்தது. அதற்கு முன் மூன்று நாளாக நீ கண் மூடவில்லை என்று, உன் நாலு வரியைப் படித்து அப்பா சொல்லித்தான் தெரிந்தது. நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன், ஏழு மாதம் தாமதமாக. ராத்திரியில் தூங்குகிறாயா, கண்ணே? வேறு எதுவும் எழுத வேண்டாம். வருவதும் வராததும் உன் இஷ்டம். இதற்கு மட்டும், எனக்கு, என் பெயருக்கு, ஒரு வரி எழுது.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா