கடித்தது எதற்காக

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையைத் தள்ளிப்போடாமல் சாப்பிடுகிறாளா?

வீடியோவில் வந்தால் என் கையிலிருக்கும் கட்டைப் பார்த்துப் பதறுவீர்கள், அதனால்தான் கடிதம். நான் பாடம் சொல்லித்தரும் சிறப்புப் பள்ளியில், பேச்சு வராத ஒரு சுட்டிப்பெண் கடித்துவிட்டாள். ஊசி போட்டாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை.

"எதுக்குக் கடிச்சேன்னு அவ சொல்லமாட்டா. நாமதான் கண்டுபிடிக்கணும்" என்றார் எங்கள் மேடம். எதைப் போட்டால் எது வருகிறது பாருங்கள் என்று உங்கள் கணக்கு வகுப்பில் சார்பு (ஃபங்ஷன்) நடத்துவீர்களே, கிட்டத்தட்ட அதே முறை. தடித்த கையுறை போட்டுக்கொண்டு, ஒருநாள் பாடம் கொடுத்துப் பார்த்தார். ஒருநாள் பொம்மையைப் பிடுங்கிப் பார்த்தார். ஒருநாள் பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்று மட்டும்தான் பல் பதிந்தது.

"கோவமில்லம்மா. கூப்பிடுறா, அவ்வளவுதான்" என்றார்.

தோளைத் தட்டிக் கூப்பிடக் கற்றுக்கொடுத்தோம். இப்போது நாள் முழுக்கத் தட்டுகிறாள், கடிப்பதில்லை. மேடத்தின் பொறுமைக்குக் கோயிலே கட்டலாம் அப்பா.

மேடம் காரணத்தைக் கண்டுபிடித்த அன்று சாயங்காலம் நீங்கள் போனில், "போட்டோ எப்படிம்மா அனுப்புறது?" என்று மறுபடியும் கேட்டீர்கள். காலையில்தான் நாலு போட்டோ அனுப்பியிருந்தீர்கள். வழக்கமாக எரிச்சல் வரும். அன்றைக்கு வரவில்லை. முதலிலிருந்து நிதானமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. என் பச்சைப் போர்வை எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் தேடிச் சொல்லுங்கள். அலமாரி மேல்தட்டில்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும். இருந்தாலும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்