வயலட்டின் பாகற்காய்

என் அருமை வயலட்,

நலமா என்று கேட்க மாட்டேன். நீ இருக்கிற இடத்தில் பூச்சி கிடையாது, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்க வேண்டாம், நலமாகத்தான் இருப்பாய். இங்கே நானும் உன் பாகல் பந்தலும் நலம். "இவருக்குச் செடிக்குத் தண்ணி ஊத்தத் தெரியுமாக்கும்!" என்று நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. பந்தலைப் பார்த்துவிட்டு அப்புறம் சிரி. ஒவ்வொரு காயும் சாண் நீளம்!

ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் கேபிள் வந்துவிட்டது. இருபத்துநாலு மணி நேரமும் விளையாட்டுக்கென்றே ஒரு சேனல். நான் பிறந்த பயனை அடைந்திருக்க வேண்டும் இல்லையா? சாயங்காலம் உன் விவசாய நிகழ்ச்சி நேரம் வந்தால் கை தானாக உன் பழைய சேனலுக்கே போகிறது. பிடுங்க ஆள் இல்லாமல் ரிமோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லு?

நாம் போட்ட சண்டை கொஞ்சமா? அப்போது இருந்ததே இரண்டு சேனல். லண்டனில் மேட்ச் நடந்தால் இங்கே சரியாக உன் நிகழ்ச்சி நேரத்தில்தான் சூடு பிடிக்கும். "இருக்கறதே ஒரு கிரவுண்டு, அதுல பாதி வீடு. உனக்கு எதுக்கு நெல்லும் கரும்பும்?" என்பேன். "நீங்க மட்டும் லண்டனுக்குப் போயி மட்டை பிடிக்கப் போறீங்களா?" என்பாய். சேனலை மாற்றிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் நான் வெட்டி ஒட்ட எடுத்து வைத்திருந்த விளையாட்டுப் பக்கத்தைக் காணோம். கொல்லையில் போய்ப் பார்த்தால், பாகற்பிஞ்சுகள் அதைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு தொங்குகின்றன! "பிஞ்சுலயே ஈ குத்தி முட்டை வெச்சிடுதுங்க, அப்புறம் காய் முழுக்கப் புழு. பூ வாடினதும் பேப்பரைச் சுத்திக் காம்புல நூல் கட்டிட்டா ஈ கிட்ட வராது" என்றாய். "அதுக்கு செஞ்சுரி அடிச்ச பக்கந்தான் கெடச்சுதா?" என்று குதித்தேன். "அவரு நல்லா தடுத்து ஆடுவாருன்னு நீங்கதானே சொன்னீங்க? இங்கயும் தடுக்கட்டும்."

சும்மா சொல்லக் கூடாது, அந்த வருஷம் ஒரு காயில்கூடப் புழு இல்லை. அதைத்தான் நீ அந்த நிகழ்ச்சிக்குக் கடிதமாக எழுதினாய். கீழே "திருமதி ஜெபராஜ்" என்று போட்டிருந்தாய். டிவியில் படித்தவர், "ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து திரு ஜெபராஜ் நல்லதொரு யோசனை சொல்லியிருக்கிறார்" என்று முடித்துவிட்டார்.

"என் மதியை முழுங்கிட்டாரு பாருங்க!" என்று நீ கைகொட்டிச் சிரித்தாய். சிரித்து ஓய்ந்த பிறகு, "ஒரு கார்டு போட்டுத் திருத்தச் சொல்லலாமாங்க?" என்று மெதுவாகக் கேட்டாய். "அட, இதுக்குப் போயா?" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கு வெட்கப்படுகிறேன், வயலட்.

மறுநாள் தாம்பரம் ஸ்டேஷனில், "என்னா சார், டிவில பேரு! கலக்கிட்டீங்க!" என்றார்கள். நானும் ஈயென்று பல்லைக் காட்டினேன். சர்ச்சில் "பாகற்காய் சார்" ஆகிவிட்டேன். யாராவது கத்தரிக்கோ கறிவேப்பிலைக்கோ வழி கேட்டால், "நாளைக்குச் சொல்றேன்" என்று பந்தா பண்ணிவிட்டு, உன்னிடம் கேட்டு, அடுத்த நாள் சொந்தச் சரக்கு மாதிரி அவிழ்த்துவிடுவேன். ஒருமுறை அவசரத்தில் உன்னைக் கேட்காமல் ஒருவரை முருங்கைக்காய்க்குப் பேப்பர் சுற்றச் சொல்லிவிட்டேன். அவரும் ஏணி போட்டு ஏறிச் சுற்றினார், பாவம்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. காணிக்கை ஏலத்துக்கு உன் பந்தலிலிருந்து ஒரு கூடை காய் கொண்டுபோனேன். ஏலம் விட்ட சபைச் செயலாளர் கூடையைத் தூக்கிப் பிடித்து, "நம்ம பாகற்காய் சார் வீட்டுக் காய்! டிவி புகழ் காய்!" என்று மைக்கில் கூவினார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். "இது என் காய் இல்லீங்க. டிவிக்கு எழுதினது என் ஒய்ஃப். இத்தனை வருஷம் நான் சும்மா பேர் வாங்கிக்கிட்டேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து அடுத்த தெரு லில்லி எழுந்தாள். "எங்களுக்கு அப்பவே தெரியும் அண்ணா! நீங்க சொன்னதைக் கேட்டா நாங்க செடி வெச்சோம்? பின்பக்கமா வந்து அக்காவைக் கேட்டுட்டுப் போவோம்." சபையே சிரித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன், பார். அப்புறம் லில்லி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாங்க அன்னைக்கே சொல்லியிருப்போம். அக்காதான், 'அவரு எவ்ளோ ஆசையா சொல்லிக்கிட்டிருக்காரு, விட்டுடுங்கடி'ன்னு தடுத்துட்டாங்க."

அத்தனை பேர் நடுவில் அழுதேன், வயலட். அழுதுகொண்டே ஒரு பெருமை. எத்தனை கொல்லைகளில் உன் யோசனை காய்த்துத் தொங்குகிறது! ஒரு வார்த்தை, என்னிடம்கூட, நீ சொல்லிக்கொள்ளவில்லையே, ஏன்?

செயலாளர் கூடையை மறுபடியும் தூக்கினார். "வயலட் அம்மா வீட்டுப் பாகற்காய்!" நம் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்த நாளிலும் உன் அடக்க ஆராதனையிலும் தவிர, அந்த சர்ச்சில் உன் பெயரை ஒருவர் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவ்வளவு காலமும் நீ மிசஸ் ஜெபராஜ்தான்.

நீ போடச் சொன்ன கார்டு இதுதான் என்று வைத்துக்கொள். சபைப் பத்திரிகையில் போடக் கொடுக்கிறேன், ஊரே படிக்கட்டும். நாலைந்து காயைக் கொடியிலேயே பழுக்க விட்டு, நிகழ்ச்சியைப் பார்த்து நீ நோட்டில் எழுதிவைத்திருந்தபடி விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்திருக்கிறேன். லில்லியில் தொடங்கிப் பத்துப் பேராவது கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் உன் பெயரை எழுதித்தான் கொடுப்பேன். நான் இருக்கும்வரை எழுதுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
வயலட்டின் வீட்டுக்காரன்