ஸ்பீக்கர் கோல்வேயும் நானும்

டூங்கபி, சிட்னி
16.08.2012

அன்புள்ள அம்மா,

நானும் அப்பாவும் சுகம். நீங்களும் தலைச்சுற்று இல்லாமல் நல்லாக இருக்க வேண்டும் என்று முருகனைக் கேட்டுக்கொண்டே தொடங்குகிறேன். இதை அப்பாவுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன், விசாக் கேஸ் முடியும்வரை ஊருக்கு ஒரு கடிதமும் போகக்கூடாது, யாராவது உடைத்துப் பார்ப்பார்கள் என்று அவருக்குப் பயம். யோகராணி அன்ரி ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணம் வருகிறா, அவவின் கையில் கொடுத்துவிடுவேன். அப்பாவுக்குப் பாண் தொழிற்சாலையில் பின்னேர வேலை, நடுச்சாமம் தாண்டித்தான் வருவார், அதுவரை குசினி மேசை என்னுடையது. வெளியே கார்க் கதவு சாத்தினாலே கடிதத்தைக் கொப்பிக்குள் ஒளிக்கிறேன், எழுத்துக் கோணினால் ஏசாதீர்கள்.

ஆனால் அம்மா, எனக்குச் சந்தோசம் தாங்க முடியவில்லை! வரலாற்றுப் பாடத்தில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு பழைய அரசியல்வாதியைத் தந்தார்கள். எனக்கு வந்தவர் ஈஃப்ரைம் கோல்வே, அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துக்காரர். பதினொரு வயதில் தகப்பனை இழந்து, சப்பாத்துத் தைத்துக்கொண்டே சட்டம் படித்தவராம். இரண்டு தேர்தலில் தோற்று, 1841 இல் பதினேழே வாக்கால் வென்று மாநிலச் சபைக்குப் போய், ஏழைப் பிள்ளைகளும் படிக்க இலவசப் பள்ளிக்கூடச் சட்டம் கொண்டுவந்தாராம். பிறகு ஒன்பது வருடம் ஸ்பீக்கர். அவருக்கு வாய் திக்குமாம், அதை வாசித்ததும் வகுப்பில் வாயே திறக்காத நான், இவர் என்னுடைய ஆள் என்று நினைத்தேன். ஸ்பீக்கர் என்றால் பேச்சாளர்தானே என்று, திக்குவாய்க்காரர் ஒன்பது வருடம் ஓயாமல் பேசிச் சபையையே மயக்கினார் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்! அதற்கு முதல் அப்பாவிடம் கேட்டேன், தனக்குத் தெரிந்த ஸ்பீக்கர் கோயில் வேம்பில கட்டுறதுதான் பிள்ளை என்றார். வரலாறு படிப்பிக்கிற மிஸ் ஹாலொரன் சிரிக்கவில்லை. ஸ்பீக்கர் ஒரு பக்கமும் சேராமல், தான் விவாதிக்காமல், மற்றவர்களை ஒவ்வொருவராகப் பேசவிடுகிறவர் என்றா. அட, எங்கட சபாநாயகர்! நாளைக்கு எங்கள் வகுப்பு ஒரு பாராளுமன்றம் நடத்துகிறது, அதற்கு நான்தான் ஸ்பீக்கர் என்று மிஸ் சொல்லிவிட்டா. பக்கத்துக் கதிரைத் தர்சினி, நீயே வாய் திறக்கமாட்டாய், பிறகு ஆரடி எங்களை அடக்குறது என்று நக்கலடித்தாள்.

ஒரு கரைச்சல்தான், அதில் சேரப் பள்ளிக்கூடப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அப்பாவுக்குக் கடதாசி என்றாலே பயம். வில்லாவுட் தடுப்பு முகாமை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து அவர் சொல்வது ஒன்றுதான், எங்க போனாலும் பேசாமல் இரு, பேர் வெளிய வரக்கூடாது. படிவத்தை அவருடைய சாப்பாட்டுக் கோப்பைக்குக் கீழே வைத்திருக்கிறேன். அவர் மாட்டேன் என்றால் நாளைக்கு அந்தக் கதிரையில் தர்சினிதான் இருப்பாள். நீங்கள் எனக்குப் புத்தி சொல்வதுபோல நானும் சொல்கிறேன், பிரஷர்க் குளிசையை ஒரு நாளும் விடாதீர்கள், கிளினிக்குக்குத் தனியப் போகாதீர்கள். கார் வருகிறது, நிறுத்துகிறேன்.

காலை ஆறு மணி. அப்பா என்னை எழுப்பிப் படிவத்தை மூன்று தரம் தமிழில் சொல்ல வைத்தார். எங்கட கேஸ் நம்பர் இதில இருக்கோ என்றார், இல்லை என்றேன். நீ எந்தக் கட்சி என்றார், ஸ்பீக்கர் ஒரு கட்சியிலும் சேரக்கூடாது அப்பா என்றேன். படிவத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்துவிட்டு, அப்ப இது பேசாமல் இருக்கிற உத்தியோகம்தானே என்று சிரித்தார். அப்பா சிரித்தார், அம்மா! படம் எடுக்க வேண்டாம் என்ற பெட்டியில் புள்ளடி போட்டுவிட்டு, மகேந்திரராசா என்று முழுப்பெயரையும் தமிழில் எழுதிக் கையெழுத்து வைத்தார். கேஸ் முடிஞ்ச பிறகு கொம்மாவுக்கும் இதை எழுது என்றார். ஏற்கனவே இரண்டு பக்கம் எழுதிவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன்.

இது உங்கள் கையில் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும், என்றாலும் என் தலையில் கைவைத்ததாக நினைத்து ஆசீர்வதியுங்கள். வாசித்ததும் அடுப்பில் போட மறக்க வேண்டாம்.

இன்று ஒரு மணித்தியாலம் சபாநாயகராக இருக்கப்போகும்
உங்கள் மகள்
தாட்சாயினி